தாருக்கும் பதம் உண்டு: வாசகர் கேள்விகள்

போன மாதம் கிராமச் சாலைகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “லாரியில் வரும் தாரை லேபில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தாரில் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது, கறுப்பாக இருந்தால் போதாதா என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். முப்பது வருஷம் அந்தக் கறுப்போடு லேபில் குடும்பம் நடத்தியவன் நான். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

என் மகன் சிவில் டிப்ளமோ படிக்கிறான். ‘விஸ்காசிட்டி’, ‘கன்சிஸ்டென்சி’ என்று ஏதேதோ சொல்கிறான், கேட்டால் உனக்குப் புரியாது என்கிறான். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

அவனைவிட உங்களுக்குத்தான் அம்மா இது நன்றாகத் தெரியும். அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறீர்கள். பதம் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பீர்கள், உருண்டு வந்தால் இறக்குவீர்கள், கரைந்துபோனால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று விடுவீர்கள். அந்தப் ‘பதம்’தான் கன்சிஸ்டென்சி. ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது விஸ்காசிட்டி. அதற்குத் தமிழில் ‘பாகுத்தன்மை’ என்று பெயர் வைத்தவர் கட்டாயம் அடுப்படிப் பக்கம் போய்வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயத்தையும் நீங்கள் அறியாமலே சரியாகச் செய்கிறீர்கள். கொதிக்கிற பாகை அப்படியே கரண்டியில் எடுத்துப் பார்த்து ஏன் பதம் சொல்வதில்லை? சூட்டில் எல்லாப் பாகும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும், வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் விட்டவுடன் ஒவ்வொரு சொட்டும் ஒரே சூட்டுக்கு இறங்குகிறது, அப்போதுதான் நேற்றைய பாகையும் இன்றைய பாகையும் ஒப்பிட முடிகிறது. தார் சோதனைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. தாரின் பதத்தை மட்டும் தனியாகச் சொன்னால் அர்த்தமே இல்லை, எத்தனை டிகிரியில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மகனிடம் இதைச் சொல்லிவிட்டு, “எத்தனை டிகிரியில்?” என்று ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் தாரை வாயில் போட்டு மென்று பார்த்துத் தரம் சொல்வார்களாமே, நிஜமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நிஜம்தான். அனுபவசாலிகள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, இது கெட்டி, இது இளக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். கிண்டலாகத் தோன்றும், ஆனால் யோசித்துப் பாருங்கள்: வாய்க்குள் எப்போதும் 37 டிகிரி, பல்லின் அழுத்தமும் ஓரளவு ஒரே மாதிரி. மோசமான கருவி இல்லை, என்ன, ஒருவர் பல் இன்னொருவருக்கு இல்லை.

டிரினிடாட் தீவின் தார் ஏரியிலிருந்து இயற்கைத் தாரைக் கப்பலில் கொண்டுவந்து அமெரிக்க நகரங்களில் ரோடு போட்டுக்கொண்டிருந்த பார்பர் கம்பெனியில் போவன் என்பவர் இருந்தார். அவர்தான் 1888இல் பல்லுக்குப் பதிலாக ஊசியைக் கொண்டுவந்தார். அதன் பேரப்பிள்ளை இன்றைக்கும் எல்லா லேபிலும் இருக்கிறது, பெனிட்ரேஷன் டெஸ்ட் என்ற பெயரில். 25 டிகிரியில் வைத்த தாரின் மேல், மொத்தம் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 விநாடி விடுகிறோம். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக எண்ணுகிறோம். 6 மில்லிமீட்டர் இறங்கினால் 60. எண் பெரிதானால் தார் இளக்கம்.

ஐயா, லேப் எக்ஸாமுக்குப் பெனிட்ரேஷன் செய்தேன். ஒரே கிண்ணத்தில் மூன்று முறை எடுத்தேன்: 58, 66, 71. எதை எழுதுவது? சராசரி போட்டு 65 என்று எழுதிவிட்டேன். மார்க் வருமா?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

மார்க் வந்தாலும் வரும் தம்பி, ஆனால் அந்த 65 பொய். 50இலிருந்து 149 வரையிலான அளவுகளில் மூன்று ரீடிங்குகளுக்குள் பெரியதற்கும் சிறியதற்கும் 4க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த விதி. உனக்கு 13 வந்திருக்கிறது. சராசரி எடுக்கும் உரிமையே உனக்கு இல்லை.

ஆனால் உன் எண்களை நான் ரசித்துப் படித்தேன், ஏனென்றால் அவை என்ன நடந்தது என்று தாமாகவே சொல்கின்றன. 58, 66, 71. ஏறிக்கொண்டே போகிறது பார். ஊசி கோணலாக இருந்தாலோ கிண்ணத்தில் குமிழ் இருந்தாலோ எண்கள் மேலும் கீழுமாகத் தாவும், இப்படிப் படி ஏறாது. படி ஏறினால் தார் சூடாகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருப்பாய், சேலத்தில் ஃபேன் கூட இல்லாத லேபில் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி இருந்திருக்கும், முதல் ரீடிங்குக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நீ நோட்டில் எழுதிக்கொண்டும் பக்கத்து பையனோடு பேசிக்கொண்டும் இருந்திருப்பாய். சரிதானே?

கிண்ணம் தண்ணீருக்குள் மூழ்கியபடியே இருக்க வேண்டும். அதற்குத்தான் கிண்ணத்தைத் தண்ணீரோடு சேர்த்தே ஊசிக்குக் கீழே கொண்டுவர அந்த மாற்றுத் தட்டு கொடுத்திருக்கிறார்கள். உருக்கி ஊற்றிய தாரை ஒன்று ஒன்றரை மணி நேரம் காற்றில் ஆறவிட்டு, அப்புறம் இன்னொரு ஒன்று ஒன்றரை மணி நேரம் 25 டிகிரி தண்ணீரில் வைத்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். அவசரப்பட்டு அரை மணியில் எடுத்தால் மேல்பக்கம் ஆறியிருக்கும், நடுவில் சூடு இருக்கும், அடிபட்ட பழம் மாதிரி.

ஊசியைத் தாரின் மேல் சரியாகத் தொடும்படி வைப்பதுதான் கை வர வேண்டிய வித்தை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஊசி நுனியும் தாரின் பளபளப்பில் தெரியும் அதன் நிழலும் ஒன்றையொன்று முத்தமிடும் இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் மேலே நின்றால் காற்றில் விழுந்த தூரமும் கணக்கில் சேரும். ஒவ்வொரு முறையும் ஊசியைக் கரைப்பானில் துடைத்துக் காயவைக்க வேண்டும், ஒரு குத்துக்கும் இன்னொரு குத்துக்கும், குத்துக்கும் கிண்ணத்தின் ஓரத்துக்கும் குறைந்தது 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஊசி நுனியை நகத்தில் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், நுனி மழுங்கினால் உன் லேப் முழுக்க ஒரு வருஷத்துக்குத் தவறான எண் எழுதும்.

எங்கள் தெருவுக்கு ரோடு போட வந்த இன்ஜினியர் விஜி-30 தார் என்றார். பழைய மேஸ்திரி 60/70 என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

எங்களுக்கு வந்த சாம்பிளில் பெனிட்ரேஷன் 62, அருமையாக இருக்கிறது. ஆனால் 60 டிகிரியில் பாகுத்தன்மை 1,950 பாய்ஸ்தான் வந்தது. விஜி-30 இல்லை என்று ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். 62 வந்தால் பழைய கணக்கில் 60/70தானே, எப்படித் தப்பாகும்?
– சைட் சூப்பர்வைசர், தர்மபுரி

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

மேஸ்திரி சொல்லும் 60/70 ஊசிக் கணக்கு. ஊசி 60இலிருந்து 70 வரை இறங்கும் தார் என்று பொருள். அப்போது 80/100, 60/70, 30/40 என்றெல்லாம் டிரம்மில் எழுதியிருக்கும். 2006இல் ரோட்டுத் தாருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 73ஐத் திருத்தியபோது இந்தியாவில் தாரைப் பாகுத்தன்மையால் பிரிக்க ஆரம்பித்தார்கள், 2013இல் மறுபடி திருத்தினார்கள். இப்போது விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று நான்கு. விஜி என்பது விஸ்காசிட்டி கிரேடு. பாய்ஸ் என்பது பாகுத்தன்மையை அளக்கும் அலகு. பின்னால் வரும் எண் 60 டிகிரியில் எத்தனை நூறு பாய்ஸ் என்பதைக் குறிக்கிறது: விஜி-30 என்றால் சுமார் 3,000, அதாவது 2,400இலிருந்து 3,600 வரை இருக்கலாம். விஜி-10க்கு 800 முதல் 1,200, விஜி-20க்கு 1,600 முதல் 2,400. விஜி-40 மட்டும் 3,200இலேயே ஆரம்பித்து 4,800 வரை போகிறது. பழைய 60/70 இருந்த இடத்துக்கு விஜி-30 வந்தது என்று பேச்சுக்குச் சொல்லலாம். ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, ஏன் என்பதற்குத் தர்மபுரிக்காரரின் சாம்பிளே சாட்சி.

25 டிகிரி என்பது மார்கழி மாதக் காலை. அந்த நேரத்தில் இரண்டு தார்கள் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஊசி இரண்டிலும் 62 காட்டும். சித்திரை வெயிலில் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது ஒருவன் நிற்பான், ஒருவன் துவண்டுவிடுவான். கச்சா எண்ணெய் எந்த வயலிலிருந்து வந்தது, அதில் மெழுகு எவ்வளவு, ரிஃபைனரியில் எப்படிக் காய்ச்சினார்கள் என்பதைப் பொறுத்து, சூட்டுக்கு இளகும் வேகம் தாருக்குத் தார் மாறும். ஊசிக்கு இது தெரியவே தெரியாது, அது பார்த்தது ஒரே ஒரு சூட்டில்தான். விஜி-30க்குப் பெனிட்ரேஷன் குறைந்தது 45 இருந்தால் போதும் என்று இன்றைய தரநிலை சொல்கிறது. 62 அதில் தாராளமாகப் பாஸ். 1,950 பாய்ஸ் என்பது மட்டும் விஜி-20க்குள் போய் உட்காருகிறது. வந்தது கெட்ட தார் இல்லை, தப்பான தார். உங்கள் ஊர் வெயிலுக்கும் உங்கள் ரோட்டில் போகும் கிரானைட் லாரிக்கும் அது ஆகாது. ரிஜெக்ட் செய்தவரைத் திட்டாதீர்கள்.

எந்த ஊருக்கு எந்த விஜி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வருஷத்தில் மிகச் சூடான ஏழு நாட்களின் அதிகபட்சக் காற்று வெப்பத்தின் சராசரி 30 டிகிரிக்குக் கீழே என்றால் விஜி-10, அதாவது ஊட்டி மாதிரி இடம். 30 முதல் 38 வரை விஜி-20. 38 முதல் 45 வரை விஜி-30, வேலூரும் திருச்சியும் இதில் வரும். அதற்கு மேலே போனால் விஜி-40. கனரக வண்டிகள் நெரியும் ரோடாக இருந்தால் ஒரு படி கெட்டியாகவே எடுப்பார்கள்.

தாரின் பாகுத்தன்மையை 60 டிகிரியிலும் 135 டிகிரியிலும் பார்க்கிறார்களே, ஏன் 60 டிகிரி, ஏன் 135 டிகிரி? யாரோ உட்கார்ந்து முடிவு செய்த எண்களா?
– பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

60 என்பது வெயிலில் ரோடு போகக்கூடிய சூடு. 135 என்பது மிக்ஸிங், ரோலிங் நடக்கும் சூட்டை ஒட்டியது. முதல் எண் ரோட்டின் வாழ்க்கையைச் சொல்கிறது, இரண்டாவது அந்த ரோடு பிறந்த விதத்தை. விஜி-30 தார் 135 டிகிரியில் குறைந்தது 350 சென்டிஸ்டோக்ஸ் (ஒரு ஸ்டோக்ஸில் நூறில் ஒரு பங்கு) இருக்க வேண்டும்.

இதில் 60 டிகிரி சோதனைதான் எனக்குப் பிடித்தது, அழகான சோதனை. வளைந்த கண்ணாடிக் குழாய், அதன் ஒரு காலில் கோடு கோடாகக் குறி. சாம்பிளை 135 டிகிரிவாக்கில் உருக்கி, அதே சூட்டில் வைத்த குழாய்க்குள் ஊற்றி, பத்து நிமிஷம் ஓவனில் வைத்துக் குமிழ் போகவிட்டு, 60 டிகிரித் தொட்டியில் அரை மணி நேரம் நிற்க வைக்கிறோம். அந்தத் தொட்டியின் வெப்பம் ஒரு டிகிரியில் நூறில் மூன்று பங்குக்கு மேல் ஆடக்கூடாது. இந்தச் சூட்டில் தார் தானாக மேலே ஏறாது, ஓடவும் அவசரப்படாது, அதனால் மறுமுனையில் வாக்குவம் வைத்து 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுகிறோம். கறுப்பு மெல்ல ஏறும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து, அந்தக் குழாயின் சான்றிதழில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்கினால் பாய்ஸ் வந்துவிடும். 60 விநாடிக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்த பகுதியைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் குழாயைக் கழுவுவது இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

135 டிகிரியில் வாக்குவம் தேவையில்லை, தார் தன் எடையிலேயே ஓடிவிடும். அதனால்தான் அதற்கு அலகும் வேறு, ஸ்டோக்ஸ் கணக்கு, அடர்த்தியையும் உள்ளடக்கியது. பாய்ஸ் என்ற பெயர் பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து வந்தது. அவர் நுண்ணிய குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர், தார் அவர் கனவிலும் வந்திருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரணத் தண்ணீர் 0.01 பாய்ஸ். விஜி-30 தார் 60 டிகிரியில் 2,400 பாய்ஸ் என்றால் தண்ணீரைவிட 2,40,000 மடங்கு. அதே தார் 135 டிகிரியில் மூன்றேகால், மூன்றரைப் பாய்ஸுக்கு வந்துவிடுகிறது. 75 டிகிரி சூடேறியதற்கு ஏறக்குறைய எழுநூறு மடங்கு இளக்கம்!

மே மாதத்தில் எங்கள் ஊர் ரோட்டில் நடந்தால் செருப்பில் தார் ஒட்டுகிறது. கலப்படத் தார்தானே காரணம்?
– சிறு வியாபாரி, விருத்தாசலம்

பலமுறை இல்லை. தார் நல்லதாகவே இருந்து, அளவு அதிகமாகிவிட்டாலும் இப்படித்தான் ஆகும். மேலே தெளித்த தார் அதிகம், அதன் மேல் தூவிய பொடி ஜல்லி குறைவு, அல்லது வண்டிகள் ஓடி ஓடி ஜல்லியை உள்ளே அமுக்கித் தாரை மேலே பிதுக்கிவிட்டன. பாயசத்தில் நெய் மிதக்கிற மாதிரி. லேபில் தாரை மட்டும் சோதித்தால் இது தெரியாது, ரோட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டியெடுத்து, தாரைக் கரைத்துப் பிரித்து, எடையில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும்.

இளகும் சூட்டைப் பார்க்கத் தனி டெஸ்ட் இருக்கிறது, வளையமும் குண்டும். சின்னப் பித்தளை வளையத்தில் தாரை ஊற்றி, அதன் தலையில் 9.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வைத்து, தண்ணீரில் இறக்கி, நிமிஷத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவோம். தார் தொங்கித் தொங்கி, குண்டைச் சுமந்துகொண்டு ஓர் அங்குலம் கீழே உள்ள தட்டைத் தொடும்போது தண்ணீரின் சூடு என்னவோ அதுதான் சாஃப்டனிங் பாயிண்ட். விஜி-30க்கு அது குறைந்தது 47 டிகிரி.

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: 47இல் இளகும் தாரை வைத்து 60 டிகிரி போகும் ரோட்டைப் போட்டால் ரோடே ஓடிவிடாதா என்று. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத்தான் கேட்டேன். பாரத்தைத் தாங்குவது தார் மட்டும் இல்லை, ஜல்லிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில் தார் மெல்லிய தோல் மாதிரி, எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டித்தான். இன்னொன்று, வண்டி ஓர் இடத்தைக் கடப்பது கண் சிமிட்டும் நேரம். அந்த நேரத்துக்குள் தாருக்கு ஓட அவகாசம் இல்லை. பஸ் ஸ்டாப்பிலும் சிக்னலிலும் பாருங்கள், அங்கேதான் ரோடு பள்ளமும் மேடுமாகப் பிதுங்கியிருக்கும். அதே தார், அதே ஜல்லி, அதே வெயில், ஆனால் பஸ் நிற்கிறது.

‘உலகின் மிக நீண்ட சோதனை’ தாரில்தான் நடக்கிறது என்று படித்தேன். விவரம்?
– பள்ளி மாணவன், மதுரை

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. தாமஸ் பார்னெல் என்ற இயற்பியல் பேராசிரியர் 1927இல் கீலை உருக்கிப் புனலில் ஊற்றி வைத்தார். நம் ரோட்டுத் தார் இல்லை, சுத்தியால் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும் கெட்டிக் கீல். மூன்று வருஷம் அது அடங்கட்டும் என்று விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழுந்தது 1938இல். ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில். அதன் பாகுத்தன்மை தண்ணீரைப்போல 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் பாவம் ஜான் மெய்ன்ஸ்டோன். 1961இலிருந்து அதற்குக் காவல் இருந்தவர். 1979இல் சொட்டு விழுந்ததைத் தவறவிட்டார், 1988இல் ஏதோ குடிக்கலாம் என்று சில நிமிஷம் வெளியே போனபோது விழுந்துவிட்டது, 2000இல் கேமரா வைத்திருந்தார்கள், அது மக்கர் செய்துவிட்டது. 2013இல் அவர் காலமாகிவிட்டார், அடுத்த சொட்டுக்குச் சில மாதங்கள் முன்னால். அவருக்கும் பார்னெலுக்கும் 2005இல் கேலி நோபல் எனப்படும் இக்நோபல் பரிசு கிடைத்தது. டப்ளினில் டிரினிட்டி கல்லூரியிலும் இதே மாதிரி ஒன்று 1944இலிருந்து இருக்கிறது, 2013 ஜூலையில் அங்கே ஒரு சொட்டு விழுவதைக் கேமராவில் பிடித்துவிட்டார்கள்.

சுத்தியால் அடித்தால் உடைகிறது, சும்மா விட்டால் ஓடுகிறது. மேலே விருத்தாசலத்துக்காரருக்குச் சொன்ன பஸ் ஸ்டாப் கதைதான் இது, பஸ் மட்டும் பல வருஷம் நிற்கிறது என்று வைத்துக்கொள்.

தார் கொதிக்கிற கொப்பரையை ராத்திரி முழுக்க எரியவிட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பயன்படுத்தினால் என்ன ஆகும்?
– சிறு ஒப்பந்ததாரர், தேனி

கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கும். கொப்பரைக்குள் காற்றும் சூடும் சேர்ந்து அதற்கு ஒரே ராத்திரியில் பல வருஷம் வயசாகியிருக்கும். விஜி-30ஐ 150 முதல் 165 டிகிரிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும். நீங்கள் கொப்பரையில் தெரியாமல் செய்ததை நாங்கள் லேபில் வேண்டுமென்றே செய்கிறோம்: சுழலும் கண்ணாடிப் புட்டிகளில் தாரை மெல்லிய படலமாக்கி, 163 டிகிரியில் 85 நிமிஷம் காற்று ஊதி வதைத்துவிட்டு, மறுபடி 60 டிகிரிப் பாகுத்தன்மை பார்ப்போம். முன்பு இருந்ததைவிட 4 மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் ஃபெயில். அப்புறம் அதையே இழுத்தும் பார்ப்போம், நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலம் உள்ள கட்டியை 25 டிகிரித் தண்ணீரில் நிமிஷத்துக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால், விஜி-30 குறைந்தது 40 சென்டிமீட்டர் நூலாக நீள வேண்டும். கருகிய தார் நீளாது, படக்கென்று அறுந்துவிடும். உங்கள் ரோடும் அப்படித்தான் வெடிக்கும். ஒரு சாம்பிள் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சாம்பிள் அனுப்பும்போது ஒரு வேண்டுகோள். ஒருமுறை எங்களுக்கு வந்த விஜி-30 சாம்பிளில் ஊசி 140 வரை இறங்கியது. கலப்படம், மண்ணெண்ணெய் என்று எல்லோரும் குதித்தார்கள், எனக்கும் சந்தேகம் இல்லை. ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பிடிக்கும் சூடு, குறைந்தது 220 டிகிரி இருக்க வேண்டியது எங்கோ கீழே இருந்தது. அறிக்கை டைப் அடிக்கும் நேரத்தில் எங்கள் உதவியாளர் அந்த டின்னை மோந்து பார்த்துவிட்டு, “சார், இது மண்ணெண்ணெய் டின்னு சார்” என்றார். சைட்டில் கையில் கிடைத்த டின்னைக் கழுவாமல் அதிலேயே பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். புது டின்னில் மறுபடி வரவழைத்தோம், 54. அன்றிலிருந்து டின்னை மோந்து பார்க்காமல் நான் சாம்பிளை வாங்கியதே இல்லை. இந்த வேலையில் மூக்கும் ஒரு கருவிதான், பெயர்தான் எந்தத் தரநிலையிலும் இல்லை.

தார், பிட்டுமென், அஸ்பால்ட், நிலக்கீல். எல்லாம் ஒன்றா?
– வாசகர், நாகப்பட்டினம்

வேதியியல்படி தார் என்பது நிலக்கரியை மூடிவைத்துச் சுட்டால் வருவது. அதன் புகை உடம்புக்குக் கெடுதல் என்பதால் ரோட்டிலிருந்து ஏறக்குறையப் போய்விட்டது. இன்று ரோட்டில் ஊற்றுவது பெட்ரோலியத்தைக் காய்ச்சி எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குவது, சென்னை மணலி ரிஃபைனரியிலிருந்து வருவதும் அதுதான். அதற்குப் பெயர் பிட்டுமென், பாடநூலில் நிலக்கீல். அமெரிக்கர் அதையே அஸ்பால்ட் என்பார்கள். நாம் தார் ரோடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நானும் இந்தப் பகுதி முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மன்னிக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் ரோட்டுக்கும் இதே டெஸ்ட்தானா?
– பஞ்சாயத்து உறுப்பினர், விருதுநகர்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறையில் பிளாஸ்டிக் தாருக்குள் போவதில்லை, 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவப்பட்டு அதன் மேல் உருகிப் படிகிறது. பிறகுதான் தார் ஊற்றுவார்கள். அதனால் தாருக்கு வழக்கமான சோதனைகளே போதும், கூடுதலாகப் பார்க்க வேண்டியது பிளாஸ்டிக் படிந்த ஜல்லியை. தாருக்குள்ளேயே பாலிமரோ ரப்பரோ கலந்தால் விஷயம் வேறு. அதற்கு இழுத்துவிட்டால் எவ்வளவு சுருங்கித் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு, பாகுத்தன்மைக்கும் சுழலும் தண்டு வைத்த கருவி வேண்டும்.

ரோடு போடும் முன்னால் காப்பி நிறத்தில் ஏதோ தெளிக்கிறார்களே, அது தார்தானா? ஆறிப்போய் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது.
– வாசகி, பெரம்பலூர்

எமல்ஷன். தாரைப் பொடிப்பொடித் துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டது, பால் மாதிரி. தண்ணீர் பிரிந்ததும் காப்பி நிறம் கறுப்பாகிவிடும், அதுவரை மேலே ஹாட் மிக்ஸ், அதாவது சூடான தார்-ஜல்லிக் கலவை, கொட்டக்கூடாது. இதற்குப் பாய்ஸ் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. அளவான துளை வழியாக 60 மில்லி இறங்க எத்தனை விநாடி ஆகிறது, அவ்வளவுதான்.

கையில் தார் பட்டால் எப்படி எடுப்பது? லேப்காரர்கள் என்ன செய்வீர்கள்?
– ஐடிஐ மாணவர், ஓசூர்

ஆறிய தார் என்றால் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடை, அப்புறம் சோப்பு. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம், தோலைக் கெடுக்கும். சூடான தார் பட்டால் கதையே வேறு: உடனே குளிர்ந்த தண்ணீரில் காட்டி நன்றாக ஆறவிட வேண்டும், ஒட்டியதைப் பிய்த்து எடுக்கவே கூடாது, தோலும் கூடவே வந்துவிடும், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. 150 டிகிரித் தாரைக் கையாளும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நிற்காதே, மாஸ்டர் நிற்கிறார் என்று நீயும் நிற்காதே. சட்டையில் பட்ட கறைக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை, என் மனைவி முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.